நீர்க்கடுப்பா? முதலில் டப்பா, பிறகு மாத்திரை

சித்திரை வெயிலில் ஒரு பெண் “நீர் பிரியும்போது கடுக்கிறது” என்று வீட்டில் சொன்னால் மூன்று விதமான வைத்தியம் கிளம்பும். பாட்டி சுண்ணாம்பை எடுத்துக் கால் கட்டைவிரல் நகத்தில் தடவச் சொல்வார். அம்மா இளநீர் வாங்கிவரச் சொல்வார். கணவர் மருந்துக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி நான்கு மாத்திரையும் ஒரு சிரப்பும் வாங்கி வருவார். மூவருக்கும் அக்கறைதான். ஆனால் நான்காம் நாள் கடுப்பு அடங்காமல் அந்தப் பெண் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது, மருத்துவருக்கு உதவக்கூடிய தடயம் பாதி அழிந்திருக்கும்.

நான் மருத்துவர் இல்லை. ஒரு சிற்றூர் ஆய்வகத்தில் 18 ஆண்டுகளாகச் சிறுநீரும் இரத்தமும் சளியும் பரிசோதிக்கிறவள். மருத்துவமனை வாசலுக்கு வருவதற்கு முன்பே மக்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது எங்கள் மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். சிறுநீர்ப்பைத் தொற்று முதல்முறை வந்திருக்கிறது, அல்லது வந்திருக்குமோ என்று சந்தேகம் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சரியாக முடிவு செய்வதற்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

சூட்டுக்கடுப்பா, தொற்றா?

பாட்டி சொல்லும் சூட்டுக்கடுப்பு பொய்யில்லை. உடலின் நீர் வியர்வையாகப் போய்விட்டால், சிறுநீரகம் மிச்சத்தைச் சேமித்துக்கொண்டு கழிவைக் கெட்டியாக அனுப்புகிறது. அந்த அடர்மஞ்சள் நீர் போகும் வழியெல்லாம் எரிகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று பெரிய டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மோரும் இளநீரும் கணக்கில் சேரும். சிறுநீர் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்து, மாலைக்குள் எரிச்சலும் அடங்கிவிட்டால் அது வெயிலின் வேலை. சுண்ணாம்பு தடவிக் குணமானவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர். கூடவே குடித்த ஒரு சொம்பு தண்ணீருக்குக் கிடைக்க வேண்டிய பெயரைச் சுண்ணாம்பு தட்டிக்கொண்டு போய்விட்டது.

நிறம் வெளுத்த பிறகும் எரிச்சல் குறையவில்லை என்றால் கதை வேறு. கழிப்பறையிலிருந்து வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி முட்டுகிறது, ஓடிப்போனால் நாலு சொட்டுதான் வருகிறது, அடிவயிறு கனக்கிறது, சிறுநீர் கலங்கி, வழக்கத்துக்கு மாறான நெடி வீசுகிறது, சிலருக்கு இளஞ்சிவப்பாக இரத்தமும் கலந்து வருகிறது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொள்ளலாம். உடலில் வேறு கோளாறு இல்லாத இளம்பெண், தொல்லையும் லேசுதான் என்றால் ஒரு நாள் தண்ணீர் குடித்துப் பார்ப்பதில் தவறில்லை. அந்த ஒரு நாள் ஒரு வாரமாக நீளக்கூடாது.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: எரிவது உள்ளேயா, வெளியே தோலில் சிறுநீர் படும்போதா? அரிப்பும் வெள்ளைப்படுதலும் சேர்ந்து, எரிச்சல் வெளியில்தான் என்றால் அது பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்று. மருந்தும் வேறு. சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அந்த மருந்து இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது; பூஞ்சைக்கு அது விருந்து. மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

யாரிடமிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரமே இல்லை. “பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குப் போனேன் அக்கா, அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது” என்பார்கள். உண்மையில் பெரும்பாலும் உங்கள் குடலிலிருந்தே வந்தது. சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் ஈ.கோலை என்னும் பாக்டீரியா. 1885இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்த கிருமி இது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் சாது. ஆசனவாயிலிருந்து நகர்ந்து சிறுநீர் வழிக்குள் நுழைந்துவிட்டால், அதன் உடலில் உள்ள நுண்ணிய இழைகள் கொக்கி போலப் பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்கின்றன.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ.தான். ஆண்களுக்கு 20 செ.மீ. வரை இருக்கிறது. பெண்களை இந்தத் தொற்று அடிக்கடி பிடிப்பதற்கு இந்த நீள வித்தியாசமே முதல் காரணம். ஒழுக்கம், சுத்தம், வளர்ப்பு எதையும் இதில் இழுக்க வேண்டாம். தாம்பத்திய உறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படுவது சகஜம். அதனால் இது பால்வினை நோய் ஆகிவிடாது, கணவருக்கும் சேர்த்து மருந்து வாங்க வேண்டியதும் இல்லை.

பஸ் நிலையக் கழிப்பறைக்கு வருவோம். அங்கே போவதால் வரும் கெடுதலைவிட, அங்கே போகப் பயந்து ஆறு மணி நேரம் அடக்குவதால் வரும் கெடுதல் அதிகம். பையில் தேங்கிய நீரில் கிருமி நிதானமாகப் பெருகுகிறது. அடிக்கடி சிறுநீர் கழிப்பதுதான் உடம்பு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் வழி.

இவர்கள் காத்திருக்கக் கூடாது

குளிர் நடுக்கத்தோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகின் ஒரு பக்கத்தில் வலி, வாந்தி: இவை வந்தால் கிருமி பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரையே வயிற்றில் தங்கவில்லை, மயக்கமாக வருகிறது, சிறுநீர் அடைத்துக்கொண்டு வரவே இல்லை என்றால் நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் இருப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு “ஒரு நாள் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம்” என்ற சலுகை கிடையாது. ஆண்களுக்கும் கிடையாது. 20 செ.மீ. தூரத்தையும் கடந்து தொற்று வந்திருக்கிறது என்றால், பின்னால் புராஸ்டேட் வீக்கமோ கல்லோ இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கைக்குழந்தைக்குச் சளி இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால், சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டுமா என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள். எரிகிறது என்று அந்தக் குழந்தையால் சொல்ல முடியாது.

டப்பா

இனி என் வேலைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு முதல்முறை வரும் தொற்றென்றால், அறிகுறிகளை மட்டும் கேட்டு மருத்துவர் மருந்து எழுதிவிடலாம். அது முறையான வைத்தியம்தான். ஆனால் மேலே சொன்ன பட்டியலில் நீங்கள் இருந்தாலோ, போன தடவை சாப்பிட்ட மருந்து கேட்காமல் திரும்பி வந்திருந்தாலோ, கல்ச்சர் பரிசோதனை, அதாவது சிறுநீரில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது, தேவை. கல்ச்சருக்கான சிறுநீரை முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். இரண்டே வேளை ஆன்டிபயாடிக் போதும், தட்டில் ஒன்றும் முளைக்காது. கிருமி சாகாமலே இருக்கும், ஆனால் எங்கள் கண்ணுக்குச் சிக்காது. “வளர்ச்சி இல்லை” என்று ரிப்போர்ட் போகும். நோயாளி “பார்த்தீர்களா, ஒன்றும் இல்லை” என்பார். பத்து நாளில் திரும்பி வருவார்.

மாதிரியைக் கொடுத்த கையோடு மாத்திரையைத் தொடங்கலாம். முடிவு வரும் வரை வலியோடு காத்திருக்கச் சொல்லவில்லை.

அடுத்தது பாத்திரம். தேங்காயெண்ணெய்ப் புட்டி, இருமல் சிரப் புட்டி, ஒருமுறை கூட்டுப் பெருங்காய டப்பா: எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். “வெந்நீரில் கழுவிவிட்டேன் மேடம்” என்பார்கள். கழுவினால் போதாது. கல்ச்சருக்கு மூடி முத்திரையோடு கிருமி நீக்கிய டப்பாதான் வேண்டும். ஆய்வகத்தில் கேட்டால் கொடுப்பார்கள், மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

காலையில் எழுந்ததும் முதலில் வரும் சிறுநீர் நல்லது. இரவெல்லாம் பையில் இருந்ததால் கிருமி தெளிவாகத் தெரியும். அது முடியாவிட்டால், கடைசியாகப் போய் மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கைகளைச் சோப்பால் கழுவுங்கள். பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடையுங்கள். கிருமிநாசினித் திரவம் வேண்டாம். அதில் ஒரு சொட்டு டப்பாவில் விழுந்தாலும் பரிசோதனை கெட்டுவிடும். பெண்கள் ஒரு கையால் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முதலில் வரும் கொஞ்சத்தைக் கழிப்பறையில் விட்டுவிடுங்கள். அது வழியைக் கழுவிக்கொண்டு வரும் நீர். நடுவில் வருவதை மட்டும், நீரோட்டத்தை நிறுத்தாமல், டப்பாவைக் குறுக்கே நீட்டிப் பிடியுங்கள். பாதி டப்பா தாராளம். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. மூடியைத் தரையில் வைத்தால் மல்லாக்க வையுங்கள். மாதவிடாய் நேரம் என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் “இரத்த அணுக்கள் ஏராளம்” என்று ரிப்போர்ட் வந்து, தேவையில்லாத ஸ்கேன் வரைக்கும் போகும்.

பிறகு நேரம். ஒரு மணி நேரத்துக்குள், போனால் போகிறது, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வந்துவிட வேண்டும். ஈ.கோலைக்கு நல்ல சூழல் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும். கைப்பையில் வைத்து வெயிலில் இரண்டு பஸ் மாறி வரும் மாதிரியில், தோலிலிருந்து தப்பி விழுந்த நாலு கிருமிகூடப் பெரிய தொற்றாக வேடம் போடும். தாமதம் தவிர்க்க முடியாது என்றால் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். வீட்டில் திட்டுவார்கள் என்றால் இரண்டு உறை போட்டு வையுங்கள். எடுத்த நேரத்தை டப்பாவின் மேல் எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காக எந்த ஆய்வக ஊழியரும் உங்களை வாழ்த்துவார்.

தட்டில் நடப்பது

வந்த சிறுநீரை முதலில் நுண்ணோக்கியில் பார்க்கிறோம். “பஸ் செல்ஸ்” என்று ரிப்போர்ட்டில் வருவது சீழ் அணுக்கள், அதாவது கிருமியோடு சண்டையிட வந்த வெள்ளையணுக்கள். ஒரு பார்வைப் புலத்தில் ஐந்து வரை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. “எபிதீலியல் செல்ஸ்” மிகுதி என்று இருந்தால் அவை பெரும்பாலும் தோலிலிருந்து உதிர்ந்தவை. மாதிரி சரியாகப் பிடிக்கப்படவில்லை என்பதற்கு அடையாளம். காகிதக் குச்சிப் பரிசோதனையில் நைட்ரைட் இருந்தால் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். இல்லை என்று வந்தாலும் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது, எல்லாக் கிருமியும் நைட்ரைட் தயாரிப்பதில்லை.

கல்ச்சர் என்பது விதைத்துப் பார்ப்பதுதான். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் எடுக்கும் மெல்லிய கம்பி வளையத்தைச் சிறுநீரில் தோய்த்து, ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் கோடு இழுத்து, 37 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வைக்கிறோம். நான் பயன்படுத்தும் தட்டு நீலப்பச்சையாக இருக்கும். மறுநாள் காலையில் திறக்கும்போது ஈ.கோலை வளர்ந்திருந்தால் அந்தப் பச்சை மஞ்சளாகி, மேலே ஜவ்வரிசி போலப் புள்ளிகள் எழுந்து நிற்கும். ஒரு புள்ளிக்கு ஒரு மில்லியில் 1,000 கிருமி என்று கணக்கு. 100 புள்ளி என்றால் 1 லட்சம். 1950களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த எல்லைக்கோடு அந்த 1 லட்சம். ஆனால் தெளிவான அறிகுறி உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக வளர்ந்தாலும் அது தொற்றாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து நீங்களாக முடிவுக்கு வர வேண்டாம்.

வளர்ந்த கிருமியை எடுத்து இன்னொரு தட்டில் பூசி, வெவ்வேறு மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகளை அதன்மேல் ஒட்டுகிறோம். அடுத்த நாள் எந்தப் பொட்டைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுந்திருக்கிறதோ, அந்த மருந்து வேலை செய்யும். ரிப்போர்ட்டில் அதற்கு நேரே “எஸ்” என்றிருக்கும். பொட்டின் விளிம்பு வரை கிருமி படர்ந்திருந்தால் “ஆர்”. ஆக மொத்தம் இரண்டு நாள் ஆகும். “எங்களை ஏன் அலைய வைக்கிறீர்கள்” என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கிருமி வளரும் வேகத்துக்கு மேல் எங்களால் போக முடியாது.

“மிக்ஸ்டு குரோத்” என்று வந்தால் மூன்று நான்கு வகைக் கிருமி கலந்து முளைத்திருக்கிறது. பெரும்பாலும் அது டப்பாவின் குற்றம். மறுபடி கொடுக்க வேண்டியதுதான்.

மாத்திரை

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நான்கு மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது சிப்ரோஃப்ளாக்சசின் வகை. ஒரு காலத்தில் அருமையாக வேலை செய்தது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், புண் என்று எல்லாவற்றுக்கும் அதையே விழுங்கி விழுங்கி, இன்று என் தட்டுகளில் அந்தப் பொட்டைச் சுற்றி வட்டம் விழுவதே அபூர்வமாகிவிட்டது. சிவப்புக் கோடு போட்ட மாத்திரை அட்டையை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஆன்டிபயாடிக் அட்டைகளில் அந்தக் கோடு இருக்கும்.

சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இப்போது மருத்துவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் இரண்டு பழைய மருந்துகளில் ஒன்று. நைட்ரோஃபுரான்டாயின் 1953இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழக்கமாக 5 நாள். உணவோடு சாப்பிட்டால் குமட்டல் குறையும். சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பதற வேண்டாம். இது பைக்குள் இருக்கும் கிருமிக்குத்தான் உதவும், சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு உதவாது. அதனால்தான் காய்ச்சலும் முதுகுவலியும் இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிறேன். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் பிரசவத்தை நெருங்கியவர்களுக்கும் இது ஆகாது. இன்னொன்று ஃபாஸ்ஃபோமைசின், 3 கிராம் பொடி. ஒரே வேளை. தண்ணீரில் கரைத்து, இரவில் சிறுநீர் கழித்துவிட்டு வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்வார்கள். மருந்து இரவெல்லாம் பையில் தங்கும்.

அந்தச் சிரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிட்ரேட் கலந்த, ஆரஞ்சுச் சுவையில் வரும் அந்தப் புட்டி நம் ஊரில் பாதி வீடுகளில் இருக்கிறது. அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கிறது. எரிச்சல் தணிவது போல் இருக்கும், கிருமி அப்படியே இருக்கும். நைட்ரோஃபுரான்டாயின் நன்றாக வேலை செய்வது புளிப்பான சிறுநீரில்தான். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்வதாக ஆகும். சிரப் குடிக்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமாலும் அடிவயிற்றில் வெந்நீர்ப் பையும் போதும். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் ஒரு வலி மாத்திரையும் உண்டு. அதை மருத்துவர் கொடுத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் இழுக்காதீர்கள், அது கிருமியைக் கொல்வதில்லை.

சரியான மருந்து என்றால் இரண்டாம் நாளே எரிச்சல் பாதியாகும். அப்போதுதான் மாத்திரையை நிறுத்தத் தோன்றும். மிச்சத்தை அலமாரியில் பத்திரப்படுத்தி, அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தானம் செய்யவும் தோன்றும். எழுதிக் கொடுத்த நாள் வரை சாப்பிட்டு அட்டையைக் காலி செய்யுங்கள். மாறாக, 48 மணி நேரமாகியும் குறையவில்லை என்றால் ரிப்போர்ட்டோடு திரும்பிப் போங்கள்.

மருந்தே வேண்டாத ஒரு நிலையும் உண்டு. எண்பது வயதுத் தாயாருக்குக் குழாய் பொருத்தியிருக்கிறது, எரிச்சலில்லை, காய்ச்சலில்லை, ஏதோ பரிசோதனையோடு கல்ச்சரும் எடுத்தார்கள், 1 லட்சம் வளர்ந்துவிட்டது. மகன் என்னிடம் வந்து “லட்சம் இருக்கிறது, டாக்டர் மருந்தே எழுதவில்லை” என்று சண்டை போட்டார். டாக்டர் சொன்னதுதான் சரி. அறிகுறி இல்லாமல் குடியிருக்கும் கிருமியை மருந்தால் துரத்தினால், அடுத்து வருவது எதற்கும் அடங்காததாக இருக்கும். கர்ப்பிணிகள் இதற்கு முக்கியமான விலக்கு. அவர்களுக்கு எரிச்சல் இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும், குறைப்பிரசவத்துக்கும் வழி வகுக்கலாம். கர்ப்பகாலத் தொடக்கத்தில் சிறுநீர் கேட்டால் “எனக்கு ஒன்றும் இல்லையே” என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

திரும்பத் திரும்ப வந்தால்

ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தால் அதைத் தொடர்தொற்று என்கிறார்கள். அங்கே முதல் கேள்வி தண்ணீர்.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி சொல்வதுண்டு. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை வழக்கத்தைவிடத் தினமும் 1.5 லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. வழக்கம்போல இருந்தவர்களுக்கு 3.2 முறை. செலவில்லாத மருந்து. இதய பலவீனமோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அவர்கள் இளநீரையும் கேட்டுக்கொண்டே குடிக்க வேண்டும்.

ஆனால் “தண்ணீர் குடியுங்கள்” என்று சொல்வது எனக்குச் சுலபம். ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் இருபத்தாறு வயதுப் பெண் ஒரே வருடத்தில் மூன்றாவது தடவையாக டப்பாவோடு வந்தாள். எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டேன். “காலையில் ஒரு டம்ளர், மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர். குடித்தால் போக வேண்டுமே அக்கா” என்றாள். கழிப்பறை மொட்டைமாடியில், போய்வரும் நேரத்தை ஒருவர் குறித்துக்கொள்கிறாராம். கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. அவளிடம் நான் சொன்னது இதுதான்: மருத்துவரிடம் “பணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குச் செல்ல அனுமதிக்கவும்” என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள். வாயால் கேட்டால் கிடைக்காதது, டாக்டர் கையெழுத்துக்குச் சில இடங்களில் கிடைக்கிறது. அவளுக்குக் கிடைத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவது நல்ல பழக்கம். விந்தணுக்கொல்லிக் களிம்பு பயன்படுத்துபவர்களுக்குத் தொற்று கூடுகிறது. வேறு கருத்தடை முறை கேளுங்கள். முன்னிருந்து பின்னாகக் கழுவுவதால் தொற்று குறைகிறது என்பதை ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. இருந்தாலும் செலவில்லாத பழக்கம், வைத்துக்கொள்ளுங்கள். வாசனைச் சோப்பு, உள்ளே பீய்ச்சிக் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம்; காவலுக்கு இருக்கும் நல்ல பாக்டீரியாவை அவை கொன்றுவிடும். மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள், குழந்தைகளுக்கு இது ரொம்பவே முக்கியம். பார்லிக் கஞ்சி, நீர்மோர், சுரைக்காய்க் கூட்டு எல்லாம் நீர்ச்சத்து என்ற அளவில் நல்லவை. கிரான்பெரி சில பெண்களுக்குத் தொற்று திரும்புவதைக் குறைப்பதாக ஆய்வுகள் இருக்கின்றன, வந்த தொற்றை அது ஆற்றாது. இறக்குமதிச் சரக்கு, விலையும் அதிகம். அந்தப் பணத்துக்கு மூன்று கல்ச்சர் எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு தனி வழி இருக்கிறது, கூச்சத்தால் பலர் கேட்பதே இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்புத் திசு மெலிந்து வறண்டுவிடுவதால்தான் அந்த வயதில் தொற்று அடிக்கடி வருகிறது. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அதைக் குறைக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரண்டு வருடத்தில் மூன்று ஊர்களில் எடுத்த மூன்று ரிப்போர்ட்டையும் ஒரு மஞ்சள் பையில் மடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்த மூன்று மருத்துவர்கள் மூன்று முறை மருந்து கொடுத்துக் குணமாக்கியிருந்தார்கள். நான்காவது தடவை எங்கள் மருத்துவர் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் ஈ.கோலை இல்லை, புரோட்டியஸ் என்ற கிருமி. மூன்றிலும் சிறுநீரின் பிஎச் அளவு 8, அதாவது புளிப்புக்கு நேர் எதிரான காரத்தன்மை. புரோட்டியஸ் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும், சிறுநீர் காரமாகும், அந்தக் காரத்தில் கல் வளரும், அந்தக் கல்லுக்குள் மருந்து எட்டாத இடத்தில் கிருமி ஒளிந்துகொள்ளும். ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் கல் இருந்தது. அதை எடுத்து ஒன்றரை வருடமாகிறது. ஆசிரியை இப்போது எங்கள் ஆய்வகத்துக்கு வருவது சர்க்கரை பார்க்க மட்டும்தான், அந்த மஞ்சள் பையோடு.